மழையில் குட்டி ட்ரெய்லர்: கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு முதன்முதலாக இழுத்துப் போகிறவர்களுக்கு

மழை இல்லாத வாரமாகப் பார்த்துக் கிளம்பலாம் என்று மலேசியாவில் காத்திருந்தால், ட்ரெய்லர் வீட்டுப் போர்ச்சிலேயே கிடந்து டயர் விரிசல் விடும். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. முழுக்கக் காய்ந்த மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே மழையோடுதான் போகவேண்டும். அதற்கு விலை கூடிய சாமான்கள் வேண்டியதில்லை. எந்த நேரத்தில் ஓட்டுவது, எங்கே நிறுத்துவது, உள்ளே சேரும் ஈரத்தை எப்போது வெளியேற்றுவது என்ற மூன்றும் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இங்கே நான் சொல்வது டியர்டிராப் வகை ட்ரெய்லரைப் பற்றி. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் சின்னப் பெட்டி. 1930களில் அமெரிக்காவில் ஆட்கள் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொண்ட வடிவம். உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை, அவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. அதாவது தூங்குவது உள்ளே, சமைப்பது வெளியே. மழை வந்தால் இந்த ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் உடனே தெரிந்துவிடும்.

உங்கள் கார் அதை இழுக்குமா என்பதைக் காரின் கையேட்டில் உள்ள இழுவை எடைதான் தீர்மானிக்கும். "எங்க மாமா பழைய புரோட்டான் சாகா காரிலேயே இழுத்தாரு" என்பதெல்லாம் கணக்கில் வராது. பதிவு, சாலை வரி, காப்புறுதி மூன்றையும் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பில் நேரில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கிளம்பும் நேரம்

மேற்குக் கரையில், அதாவது கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு வரிசையில், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை வெயிலில் நிலம் சூடாகும், மதியத்துக்குள் மலையோரம் மேகம் குவியும், இரண்டு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் எப்போதாவது கொட்டும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது ஏறக்குறைய தினசரி வாடிக்கை. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது.

ஆகவே கணக்கு எளிது. மதியம் ஒரு மணிக்குள் ட்ரெய்லர் நின்றிருக்க வேண்டும், மேலே ஃபிளைஷீட் (மழை மறைக்கும் தார்ப்பாய்) கட்டியிருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ட்ரெய்லரோடு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவேண்டாம் என்பது என் கருத்து. அந்த வேகத்தில் நாலரை மணி நேரம், தாப்பாவிலும் குனோங் செமங்கோலிலும் ஓய்வெடுத்தால் ஆறு மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குப் பினாங்குப் பாலத்தில் இருக்கலாம். "சாப்பிட்டுவிட்டு மெதுவாப் போகலாமே" என்று பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர், மழையில் ஓட்டி, மழையிலேயே கழற்றி, மழையிலேயே கயிறு கட்டுவார். முதல் நாளே குடும்பத்துக்கு இந்தப் பொழுதுபோக்கு வெறுத்துப்போகும்.

விடியற்காலைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாட்களில், சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி ஒரு காற்றுமழை வரிசை வரும். விடியும் முன்னரோ காலை வேளையிலோ மேற்குக் கரையில் வந்து அறையும். காற்று திடீரென்று வீசும், அப்புறம் மழை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஐந்து மணிக்கு எழுந்ததும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தைப் பாருங்கள். நீரிணையின் மேல் வடக்குத் தெற்காக ஒரு நீண்ட வண்ணக்கோடு தெரிந்தால் மறுபடி போய்ப் படுங்கள். அது தாண்டிய பிறகு கிளம்பினால் போதும்.

அதே துறையின் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் நிறுத்தும் இடத்தை மறுபடி யோசிக்க வேண்டும். ஆரஞ்சு வந்துவிட்டால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். முன்பணம் கட்டியாகிவிட்டதே என்று பார்க்காதீர்கள்.

முதல் பயணத்துக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி, பிப்ரவரி. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை இருக்கும் அதே காலத்தில் பினாங்கு ஓரளவு காய்ந்திருக்கும். தைப்பூசத்தன்று மட்டும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ட்ரெய்லரை இழுத்துப் போக நினைக்காதீர்கள். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிகம் நனையும் மாதங்கள். தீபாவளி விடுமுறைப் பயணம் பெரும்பாலும் மழையில்தான் மாட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிளந்தான், திரெங்கானு பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம்.

வீட்டு வாசலில் ஒரு பொய் மழை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஹோஸ் பைப்பை எடுத்து ட்ரெய்லரின் மேல் பிடியுங்கள். கார் கழுவுவதுபோல ஒரு சுற்று அடித்துவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது. கால் மணி நேரமாவது கூரையில் தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு படுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்க்கவேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தண்ணீர் நுழையும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: கூரை விசிறியின் சட்டம், பக்கக் கதவின் கீழ் ரப்பர், கூரையும் பக்கச் சுவரும் சேரும் ஓரப்பட்டி, எல்லாவற்றையும்விடப் பின்கதவின் கீல். இந்தக் கீல் கூரையின் குறுக்கே நீளமாக ஓடும். கதவு மூடியிருக்கும்போது தண்ணீர் அதைத் தாண்டிப் பின்பக்கம் வழிந்துவிடும். கதவைத் தூக்கும்போதுதான் சிக்கல். கதவு கிடைமட்டத்துக்கு மேலே எழும்பினால் அதன்மேல் நிற்கும் தண்ணீரெல்லாம் கீலை நோக்கித் திரும்பி ஓடிவரும், இடைவெளி இருந்தால் நேராக அடுப்பின் மேல் சொட்டும். ஆகவே மழைக்குப் பிறகு கதவைத் திறக்கும் முன் ஒரு துணியால் மேலே வழித்துவிடும் பழக்கம் வேண்டும். கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

கசிவு கண்ட இடத்தில் உடனே சிலிக்கோனைப் பிதுக்குகிறவர்கள்தான் அதிகம். செய்யாதீர்கள். சிலிக்கோன் ஒருமுறை பூசிய இடத்தில் பிறகு வேறு எதுவும் சரியாக ஒட்டாது, அதைச் சுரண்டி எடுப்பதும் பெரிய பாடு. ஓரப்பட்டியைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) வைத்து, மறுபடி முடுக்கி, ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு கோடு இழுத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பழைய திருகுத் துளை அகன்றுபோயிருந்தால் ஒரு சுற்றுப் பெரிய திருகு போடுங்கள். டியர்டிராப்பின் சுவர் பெரும்பாலும் பிளைவுட். அலுமினியத் தகட்டுக்கு அடியில் பலகை ஊறிக்கொண்டிருந்தால் வெளியே தெரியாது. விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும், அப்போது காலம் கடந்திருக்கும்.

டயர் தேய்மானம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை போகலாம், ஆனால் மழைச் சாலையில் அந்த டயரை நான் நம்பமாட்டேன். ட்ரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போவதுதான் அதிகம், அதனால் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விளக்குப் பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து, மின்தொடர்புக்கான கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். பினாங்குக் கடற்காற்று அதை மிக வேகமாக அரிக்கும்.

காரில் ட்ரெய்லரை மாட்டும் கொக்கியின் பந்தையும் அளந்துவிடுங்கள். 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம் என்று இரண்டு அளவுகள் உண்டு. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டு அங்குலக் கொக்கியை 50 மில்லிமீட்டர் பந்தில் மாட்டினால் ஆட்டம் இருக்கும். பட்டறையில் "ஒண்ணும் ஆகாது அண்ணே" என்பார்கள். ஆகும்.

சாலையில்

சாமான்களை ஏற்றும்போதே மழைப் பயணத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும். 600 கிலோ என்றால் குறைந்தது 60 கிலோ, ஆனால் காரின் கொக்கி தாங்கும் அளவுக்குள். அடுப்படி பின்னால் இருப்பதால் தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, அரிசி எல்லாவற்றையும் அங்கேயே திணிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் முன்பக்கம் லேசாகி, ஈரச் சாலையில் ட்ரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். கனமானவை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருக்கட்டும். தண்ணீரை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

நெளியத் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், தானாக அடங்கும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஈரத்தில் அதை முயற்சி செய்யவேண்டாம்.

சின்ன ட்ரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. நிறுத்துவது முழுக்கக் காரின் வேலை. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் யாராவது வந்து நுழைவார்கள், நம்மூர்ச் சாலை அப்படித்தான். மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய ஏற்ற இறக்கத்தில் வேக வரம்பே குறைவு. இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு குறையும், பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளும்.

மழை கொட்டும்போது நம் நாட்டில் எல்லாரும் நான்கு சிக்னல்களையும் ஒருசேரப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். ட்ரெய்லர் இழுக்கிறவர் தடம் மாறுகிறாரா என்பது பின்னால் வருகிறவருக்கு மிக முக்கியம், அது அப்போது தெரியாமல் போய்விடும். முன்விளக்கைப் போடுங்கள், போதும். இன்னொன்று, மேம்பாலங்களுக்கு அடியில் இடதுபக்கம் மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள். அகலம் கூடிய வண்டியோடு போகும் நீங்கள் பாலம் நெருங்கும்போது இடது ஓரத்தை ஒட்டாதீர்கள். உங்களுக்கே பார்வை தெரியவில்லை என்றால் அவசரத் தடத்தில் நிற்காமல் அடுத்த ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) வரை மெதுவாகப் போய்விடுங்கள். பின்னால் வரும் லோரிக்கு உங்கள் குட்டி ட்ரெய்லர் கண்ணிலேயே படாது.

கோலாலம்பூருக்குள் ஸ்மார்ட் சுரங்கம் உங்களுக்கான வழி அல்ல. கனமழையில் அது வாகனங்களுக்கு மூடப்பட்டு வெள்ளநீர் வழியாகிவிடும். 2007இல் திறந்ததே அந்த இரட்டை வேலைக்காகத்தான்.

வெள்ளம் தேங்கிய சாலையில் இறங்கலாமா? இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம் என்றால் தரைப்பரப்பு 3.6 சதுர மீட்டர். தண்ணீர் தரைப்பலகையைத் தாண்டி ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும் 36 கிலோ தூக்கும். 500 கிலோ ட்ரெய்லர் 14 சென்டிமீட்டரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு நன்றாகக் கசிவு அடைத்திருக்கிறீர்களோ அவ்வளவு நன்றாக மிதக்கும்! ஓடும் தண்ணீர் என்றால் அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் காரையும் திருப்பும். சக்கரத்தின் பாதி மறையும் ஆழம் இருந்தால் திரும்பிப் போங்கள், திருப்ப இடமில்லையென்றால் மேட்டில் நின்று காத்திருங்கள். இன்னும் ஒரு விஷயம். நீண்ட தூரம் ஓடிச் சூடான சக்கர பேரிங் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படி இறங்க நேர்ந்திருந்தால் பயணம் முடிந்ததும் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் போடவேண்டும்.

பினாங்குக்குப் பாலம்தான் வழி. ஃபெரியில் 2021 முதல் கார் ஏற்றுவதில்லை. 1985இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் பத்து காவானிலிருந்து போட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டாவதில் நெரிசல் குறைவு, நானும் சாதாரண நாளில் அதையே சொல்வேன். காற்று அடிக்கும் நாளில் மட்டும் கடலின் மேல் குறைந்த நேரம் இருப்பது நல்லது, பழைய பாலத்தில் போங்கள். எதிலும் இடது தடம், 60 கிலோமீட்டர், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பெரிய பேருந்து கடந்து போகும்போது ஒரு தள்ளு வரும், அதை எதிர்பார்த்திருந்தால் பயமில்லை.

எங்கே நிறுத்துவது

இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் ஒரு கேம்ப்சைட்டின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். எல்லாரும் தூக்கத்தில் இருந்த நேரம். சரிந்த மலை முகாமுக்கு மேலே இருந்தது. படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆபத்து கண்ணில் படாது. ஆகவே இடத்துக்குப் போனதும் சாமான் இறக்கும் முன் நடந்து பாருங்கள். பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருக்கிறதா? மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா? மண்ணில் புது விரிசல், சரிவிலிருந்து கலங்கல் நீர் ஊறுவது, இவை தெரிந்தால் அங்கே தங்காதீர்கள். ஜண்டா பாய்க், கோலகுபு பாரு, உலு லங்காட் எல்லாம் அழகான இடங்கள்தான், ஆனால் மலையும் ஆறும் சேர்ந்த இடங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மழை பெய்த பிறகு அந்தப் பக்கம் வேண்டாம். கேம்ப்சைட் நடத்துகிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

ஆற்றங்கரை இன்னொரு கண்ணி. நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கெப்பாலா ஆயர்: மேலே மலையில் கொட்டிய மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே சுவர்போல இறங்கி வரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் வந்தது அதுதான். தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்று கண்டாலும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு தப்பிக்க நேரம் இருக்காது. அதனால்தான் மழைக்காலத்தில் நான் ஆற்றங்கரை இடத்தையே ஒதுக்கிவிடுவேன். குளிக்க நடந்து போகலாம், தூங்க வேண்டாம்.

பினாங்கில் தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கம் சமதளமான இடங்கள் கிடைக்கும். ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள் ட்ரெய்லரைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தங்குமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு லிட்டில் இந்தியாவுக்குக் காரில் மட்டும் போங்கள். பத்து ஃபெரிங்கி வழியாகப் போகும் கடற்கரைச் சாலையும், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறும் சாலையும் வளைவுகள் நிறைந்தவை. அவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடற்கரையில் மணலில் இறக்காதீர்கள். மழையில் ஊறிய மணல் சக்கரத்தை விழுங்கும், போதாததற்கு அலையேற்றமும் உண்டு.

தரை எப்படி இருக்க வேண்டும்? சரளைக்கல் முதல் தரம், குட்டைப்புல் இரண்டாம் தரம், செம்மண் கடைசி. சுற்றுப்புறத்தைவிட ஒரு சாண் உயரம் இருந்தாலும் போதும். பழைய தண்ணீர் ஓடிய தடம், ஓரிடத்தில் குவிந்த சருகு, இவை எங்கே வெள்ளம் போகும் என்று காட்டிக்கொடுக்கும். துரியான் மரத்தடி, தென்னை மரத்தடி இரண்டும் காற்றுமழையில் தலைக்கு ஆபத்து.

ட்ரெய்லரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. மேற்குக் கரையில் பலத்த காற்றுமழை மேற்கிலிருந்துதான் பெரும்பாலும் வரும். மூக்கை மேற்கே வைத்து அடுப்படிக் கதவை கிழக்கே பார்க்க நிறுத்தினால், பெட்டியே உங்களுக்குக் காற்று மறைப்பாக இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தாங்குகால்களுக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் மண் இளகி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கூரையும் சமையலும்

ஃபிளைஷீட்டைத் தட்டையாகக் கட்டாதீர்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர் தார்ப்பாயின் மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. நம்மூர் இடிமழைக்கு 25 மில்லிமீட்டர் பெரிய விஷயமே இல்லை. நடுவில் ஒரு குழி விழுந்தாலும் கம்பத்தோடு சேர்த்து இறங்கிவிடும். நடுவே ஒரு கயிறு இழுத்து அதன்மேல் போட்டு, ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்துங்கள். தாழ்ந்த பக்கம் ட்ரெய்லரிலிருந்து தள்ளி இருக்கட்டும். கயிற்றின் வழியே தண்ணீர் ஓடிவந்து கூரைக்குள் சொட்டுவதைத் தடுக்க, கயிற்றில் ஒரு துணிக்கீற்றைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். மழை விட்டதும் மடிப்பில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

மழை நாளில் விருந்து சமைக்க நினைக்கவேண்டாம். முதல் நாளுக்கு வீட்டிலேயே புளிச்சோறு கிளறிக்கொள்ளுங்கள், நெத்திலிச் சம்பல் ஒரு டப்பா, ஃபிளாஸ்க்கில் ரசம். அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைப்பதும் முட்டை பொரிப்பதும் மட்டும். இரண்டாம் நாளுக்கு பினாங்கில் நாசி கண்டார் இருக்கிறது, நாம் என்ன கஷ்டப்படுவது.

ஆனால் ஒன்று: எவ்வளவு மழை அடித்தாலும் அடுப்பை உள்ளே கொண்டு வராதீர்கள், பின்கதவைப் பாதி மூடிக்கொண்டும் எரிக்காதீர்கள். அந்தச் சின்னப் பெட்டியில் கார்பன் மோனாக்சைடு சேர நேரமே ஆகாது, அதற்கு வாசனையும் கிடையாது. கொசுவர்த்திச் சுருளையும் உள்ளே கொளுத்தாதீர்கள், வலை போடுங்கள்.

உள்ளே சேரும் ஈரம்

இருவர் ஒரு இரவு மூடிய பெட்டிக்குள் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஈரம் காற்றில் கலக்கும். சமவெளியில் ராத்திரி வெப்பம் பெரும்பாலும் 24, 25 பாகைக்கு அதிகம் கீழே போவதில்லை என்பதால் சுவரில் துளி கட்டுவது குறைவு. ஆனால் எல்லாம் பிசுபிசுக்கும். கேமரன் மலைப் பக்கம் திரும்பினால் கதை வேறு: அலுமினியச் சுவர் குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். கூரை கசிகிறது என்று நினைத்துச் சிலர் சீலன்ட்டைத் தேடுவார்கள்; துடைத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் துளி இருக்கும். கசிவு என்றால் ஓரிடத்தில் மட்டும் இருக்கும்.

ஜன்னலை முழுக்க மூடித் தூங்காதீர்கள். கூரை விசிறிக்கு மழை மூடி போட்டுவிட்டு, குறைந்த வேகத்தில் வெளியே இழுக்கும் திசையில் ஓடவிடுங்கள், காற்று மறைந்த பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாச் சாமான்களையும்விட அதிகம் உதவும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அவை மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும். ஜன்னல் திறந்திருந்தால் வெளியுலகத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சப் பார்த்து ஒரே நாளில் நிரம்பிவிடும். அதில் சேரும் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், சிந்தவிடாதீர்கள். வீட்டில் ட்ரெய்லர் மூடி நிற்கும்போது வைப்பதற்கு அது சரி.

மெத்தையை நேராகப் பலகையின் மேல் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். இடையில் காற்றுப் போக ஒரு சட்டமோ கனமான வலைவிரிப்போ வேண்டும். தினமும் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் உலர்த்தும் நேரம், எல்லாக் கதவையும் அப்போது திறந்து போடுங்கள். ராத்திரிக் காற்றில் எதுவும் உலராது. கயிற்றில் தொங்கவிட்ட துண்டு காலையில் இன்னும் கனமாக இருக்கும்.

இங்கேதான் நம் நாட்டின் பெரிய வசதி ஒன்று கைகொடுக்கும்: இருபத்து நான்கு மணி நேர டோபி, அதாவது காசு போட்டு நாமே துவைத்து உலர்த்தும் கடை. எந்தச் சின்ன ஊரிலும் ஒன்று இருக்கிறது. ஈரத் துண்டு, விரிப்பு, நனைந்த சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் உலர்த்தும் இயந்திரத்தில் தள்ளி, பக்கத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் சூடாகக் காய்ந்திருக்கும். நான்கைந்து துண்டு தூக்கிக்கொண்டு வருவதைவிட இரண்டு துண்டும் சில்லறைக் காசும் மேல்.

செருப்பு, குடை, மழைச்சட்டை எதுவும் மெத்தைப் பக்கம் வரக்கூடாது. கதவுக்கு வெளியே ஃபிளைஷீட்டுக்கு அடியில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள். காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், மழை இரவில் பூரான் காய்ந்த இடம் தேடி வரும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரிலும் ஆற்றிலும் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் பரவும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கேம்பிங் போனதைச் சொல்லுங்கள்.

இடி

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. இடிச் சத்தம் கேட்கிறது என்றாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். உலோகக் கம்பம் நட்ட ஃபிளைஷீட்டுக்கு அடியில் உட்காராதீர்கள். பலகைச் சுவரின் மேல் தகடு ஒட்டிய ட்ரெய்லரை நம்புவதைவிடக் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருவது பாதுகாப்பு. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு முப்பது நிமிடம் அங்கேயே இருங்கள்.

கேம்ப்சைட் மின்சாரத்தில் இணைத்திருந்தால் இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வயர் இணைப்பு தரையில் கிடக்கக்கூடாது. ட்ரெய்லருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் வயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானைப் பயணத்துக்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கேம்ப்சைட்டில் இருக்கும் என்று நம்பவேண்டாம், உங்கள் ட்ரெய்லரிலேயே ஒன்று இருக்கட்டும்.

வீடு திரும்பியதும்

களைப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ட்ரெய்லரை அன்றைக்கே மூடி வைக்காதீர்கள். மெத்தை, விரிப்பு, தார்ப்பாய் எல்லாம் வெளியே வரவேண்டும். ஈரத் தார்ப்பாயைச் சுருட்டி வைத்தால் இரண்டு நாளில் நாறும். கொண்டோவில் இருப்பவர்கள் கார் நிறுத்துமிடத்தில் மின்விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டு, மறுநாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தப் பாருங்கள். கரும்புள்ளி தென்பட்டால் வினிகரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பலகைக்குள் வேர்விட்டதை பிளீச் எட்டுவதில்லை, மேலே நிறம் மட்டும்தான் போகும். கடற்கரைக்குப் போய்வந்திருந்தால் அச்சு, கொக்கி, சங்கிலி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ட்ரெய்லரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது வீட்டு வாசலில் நின்ற கார்களே மூழ்கிப்போயின. தாழ்ந்த பகுதியில் வீடு என்றால், கொக்கியைக் காருக்கு எட்டும் திசையில் வைத்து, டயர் காற்றைச் சரியாக வைத்து, கனமழை எச்சரிக்கை வந்ததும் பத்து நிமிடத்தில் மாட்டி இழுத்துப்போகிற மாதிரி நிறுத்துங்கள். எந்த மேட்டுக்குப் போவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டு வாசலாக இருந்தால் அவர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.